நூற்றுக்கு எவ்வளவு, மச்சான்?

பெரகல,
மார்கழி, மழை விட்ட செவ்வாய்க்கிழமை

பதுளையில் குடும்பத்தோடு சுகமாக வாழ்ந்துவரும், என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய மருதமுத்து மச்சான் அவர்களுக்கு, தங்கையின் கணவன் கணபதி தலை குனிந்து எழுதிக்கொள்வது. உங்கள் கால்வலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் வீட்டு அக்காவின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை ஜெயலெட்சுமி நலம். நானும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்பது முறை. முறைக்காக எழுதியாகிவிட்டது.

கையில் போன் இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். போனை எடுத்தால் அக்கா ஸ்பீக்கரில் போடுவார்கள். பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். நான் சொல்லப்போவது பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டிய விஷயம் அல்ல. உண்மையைச் சொன்னால் உங்களுக்கும் கேட்க வேண்டிய விஷயம் அல்ல. ஆனால் நீங்கள் பதுளை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்று தலை நரைத்தவர். எத்தனையோ சட்டத்தரணிமாரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதனால் உங்களிடம்தான் கேட்க முடியும்.

கேள்வி இதுதான். கலாநிதிப் பட்டம் வாங்கிய பொறியியலாளர் ஒருவர், முப்பது வயது தாண்டிய பிறகு, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதினால் தேறி எடுபடுவதற்கு நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு? என் மனம் நோகக் கூடாது என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். என் மனம் ஏற்கெனவே நொந்து நூலாகிக் கிடக்கிறது.

அந்தப் பொறியியலாளர் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மருமகள், என் மகள் நிஷாந்தினிதான். தீபாவளிக்கு வந்திருந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே, ஏதோ சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல, "அப்பா, நான் சட்டம் படிக்கலாம்னு பரீட்சை எழுதியிருக்கேன். முடிவு வரணும்" என்றாள். இருபது வருடம் படித்து, மண்ணைப் பற்றிக் கலாநிதிப் பட்டமும் வாங்கி, கொழும்பில் நல்ல கம்பனியில் மலைச்சரிவுகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். இனி எதற்கு இன்னொரு கல்லூரி? கேட்டேவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் மண்ணைத் தோண்டிப் பார்த்து, இந்த எடம் ஆபத்து, ஆளுங்கள வேற எடத்துக்கு எழுப்புங்கன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுக்குறேன்பா. வாங்கிக்கிறாங்க. தேங்க்ஸ் சொல்றாங்க. அல்மாரியில வெச்சுப் பூட்டிக்கிறாங்க. அதையே ஒரு வக்கீல் எழுதுனா எழும்பி நின்னு பதில் சொல்றாங்க. எத்தனை நாளைக்குத்தான் நான் தேங்க்ஸ் வாங்கிக்கிட்டு இருக்கிறது?"

அடுத்து அவள் சொன்னதுதான் முக்கியம். "அப்பா, ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. முக்கியமா பெனர் போடாதீங்க."

அவள் அப்படிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள். அவள் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பாஸ் பண்ணியதற்கு, படத்தோடு வாழ்த்து அடித்த பெனரைச் சந்தியில் போட்டேன். சாதாரண தரத்துக்குப் போட்டேன், உயர்தரத்துக்குப் போட்டேன். பொறியியல் பீடத்துக்கு எடுபட்டபோது "எமது தோட்டத்தின் முதலாவது பொறியியலாளர்" என்று போட்டு, அதற்கு முன்பே பொறியியலாளரான பையனின் குடும்பம் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்தியது. கலாநிதிப் பட்டத்துக்கு அவள் ஆராய்ச்சியை ஆரம்பித்த அன்றே போட்டேன். அது வெயிலில் வெளுத்து, மழையில் கிழிந்து, யாரோ மாட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகக் கட்டி, அந்தக் கூரையும் பறந்த பிறகுதான் அவளுக்குப் பட்டம் கிடைத்தது. நம் பக்கத்தில் பிள்ளை முன்னுக்கு வந்தால் சந்தியில் முகம் தெரிய வேண்டும் என்பது எல்லாருக்கும் உள்ள ஆசைதான். எனக்கு அந்த ஆசை கொஞ்சம் முந்திக்கொண்டு வரும்.

ஆனாலும் இந்த முறை சத்தியமாக அடக்கிக்கொண்டேன், மச்சான். பெனர் போடாமல், கணக்கு மட்டும் போட்டேன். தேயிலை பெக்டரியில் டீமேக்கராக முப்பத்தைந்து வருடம் இருந்தவனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். நூறு கிலோ பச்சைக் கொழுந்து பெக்டரிக்குள் போனால் இருபத்தொரு கிலோ, மிஞ்சினால் இருபத்திரண்டு கிலோ தூள் தேறும். மீதி எல்லாம் தண்ணீர். பரீட்சை எழுதுகிறவர்களும் பச்சைக் கொழுந்துதானே? அப்படிப் பார்த்தால் நூற்றுக்கு இருபத்திரண்டு. பிறகு யோசித்தேன். நம் பிள்ளை பச்சைக் கொழுந்து இல்லையே. ஏற்கெனவே வாட்டி, உருட்டி, காய வைத்து, சலித்து எடுத்த முதல்தரத் தூள். தண்ணீர் எல்லாம் போய்விட்டது, குறைவதற்கு ஒன்றும் இல்லை, அப்படியானால் நூற்றுக்கு நூறு என்று சந்தோஷப்பட்டேன். அன்று மாலையே சந்தேகம் வந்தது. தூளான தேயிலையைக் கொண்டுபோய் மறுபடியும் வாட்டும் மாடியில் கொட்டினால் என்ன ஆகும்? முப்பத்தைந்து வருடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை. செய்தவனையும் பார்த்ததில்லை.

போனில் இப்போது கேட்டால் பதில் சொல்லும் ஒன்று இருக்கிறதே, அதனிடமும் கேட்டேன். மிகவும் மரியாதையாகப் பேசியது. அருமையான கேள்வி என்று பாராட்டியது. கடைசியில் அது பல காரணிகளைப் பொறுத்தது என்று முடித்தது. நம் தோட்டத் தொரைமாரிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

அதற்குப் பிறகு பண்டாரவளையில் சட்டப் பரீட்சைக்கு வகுப்பு எடுக்கும் ஒரு வாத்தியார் சேரைத் தேடிப் போனேன். என் மகள் என்று சொல்லவில்லை, தெரிந்த ஒருவரின் மகள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இஞ்சினியர்மார்ல ஒரு கஷ்டம் இருக்குங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதிட்டு எழும்பிப் போயிடுவாங்க. சட்டத்துல கேக்காததுக்கும் எழுதணும். அந்தப் புள்ளைக்கு நல்லாப் பேச வருமா?" என்று கேட்டார். "அம்மாவோட மணிக்கணக்கா பேசுவா சேர். என்னோட... கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவா" என்று உளறிவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அறுபது வீதம்னு வெச்சுக்குங்களேன்" என்றார். தகப்பன் என்று கண்டுபிடித்து இரக்கப்பட்டு இருபது கூட்டிச் சொல்லியிருப்பார் என்பது என் கணிப்பு.

அறுபது வீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. போகிற வழியில் பவாஸின் கடை இருந்தது. பெனர் அடிக்கிற கடை. என் மகளின் எல்லாப் பெனரும் அங்கே அடித்ததுதான்.

"வாங்க ஐயா. மகளுக்கா? செல்லுங்க, என்ன போடோணும்?" என்றார் பவாஸ்.

"இப்ப ஒண்ணும் போட வேணாம். போடுறதா இருந்தா எவ்வளவு நாள் செல்லும்னு கேட்டு வைக்கத்தான் வந்தேன்."

"கேட்டு வைக்க வந்த ஆள் படத்தையும் கொணந்து இருக்கீங்களே" என்று சிரித்தார்.

ஆமாம், மச்சான். சட்டைப் பைக்குள் பிள்ளையின் படம் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அவர் அதை வாங்கி, கம்பியூட்டரில் ஏற்றி, எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து அவள் கழுத்துக்குக் கீழே பொருத்தினார். பக்கத்தில் ஒரு தராசையும் வைத்தார். கோட்டுக்குள் இருந்த உடம்பு யாரோ ஒரு ஆம்பிளையுடையது. மணிக்கட்டில் பெரிய கடிகாரமும், கையில் மயிரும் தெரிந்தன. "அதெல்லாம் தூரத்துக்குத் தெரியாது ஐயா" என்றார். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவே இல்லை. கறுப்புக் கோட்டில் என் மகளைத்தான் பார்த்தேன். என் அப்பா காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணிக்கு முன்னால் கைகட்டி நின்றவர். பேத்தி நீதிபதிக்கு முன்னால் கை நீட்டிப் பேசுவாள் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடிங்க" என்று சொன்னது நான்தான். யாரும் என் வாயைக் கிண்டவில்லை.

"சட்டக் கல்லூரிக்குத் தெரிவாகியுள்ள எமது மண்ணின் மகள், கலாநிதி நிஷாந்தினி கணபதியை வாழ்த்துகிறோம்." வாழ்த்துகிறவர்கள் யார் என்று பவாஸ் கேட்டார். "ஊர்மக்கள்" என்று போடச் சொன்னேன்.

பெனரைக் கொண்டுவந்து அல்மாரிக்கு மேலே சுருட்டி வைத்தேன். முடிவு வரும்வரை அங்கேயே இருந்திருக்கும். ஆனால் தோட்டத்து ஆபீஸில் இருந்த சன்னாசி கிளாக்கர் பேரனின் புலமைப்பரிசில் பெனரைப் பெரகல சந்தியில், பஸ் ஹோல்ட்டுக்கு மேலே இருக்கும் இரண்டு தூண்களுக்கு நடுவில் கட்டப் போகிறார் என்று காதில் விழுந்தது. அந்த இடம் உங்களுக்குத் தெரியும். மொனராகலை பஸ்ஸும் அப்புத்தளை பஸ்ஸும் அங்கேதான் வேகத்தைக் குறைக்கும். அந்த இடம் ஒருமுறை போனால் ஆறு மாதத்துக்குத் திரும்பக் கிடைக்காது. அதனால் பஸ்ஸில் சீட்டுக்கு லேஞ்சித் துணி போட்டு வைக்கிற மாதிரி, பெனரைச் சுருட்டியபடியே கொண்டுபோய் அந்த இரண்டு தூண்களிலும் கட்டிவிட்டு வந்தேன். விரிக்கவில்லை. ஒரு எழுத்தும் வெளியே தெரியவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் சணல் கயிற்றால் நன்றாக முடிச்சும் போட்டேன். எடுபட்டால் கயிற்றை அவிழ்ப்பது, இல்லாவிட்டால் சத்தமில்லாமல் கழற்றுவது என்பது என் திட்டம்.

பெரகல காற்றைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கூரைக்கே கல் வைக்கிறோம். சணல் கயிறு எம்மாத்திரம்? மறுநாள் விடிந்து நான் பால் வாங்கப் போனபோது என் மகள் கடிகாரம் கட்டிய கையோடு சந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஸ்லந்தையில் இருந்து வந்த முதல் பஸ்ஸின் டிரைவர் என்னைக் கண்டு ஹோன் அடித்தார்.

அப்போதே கழற்றியிருக்கலாம் என்று கேட்பீர்கள். ஏணி எடுத்துவரத்தான் வீட்டுக்குத் திரும்பினேன். அதற்குள் நாலு பேர் கை குலுக்கிவிட்டார்கள். கோயில் கமிட்டித் தலைவர் கட்டிப்பிடித்தார். பகல் சாப்பாட்டுக்கு முன்பே தொழிற்சங்கத்துக்காரர்கள் தங்கள் பெனரைக் கட்டினார்கள். அதில் தலைவரின் படம் பெரிதாகவும் நம் பிள்ளையின் படம் முத்திரை அளவிலும் இருந்தது. சன்னாசி கிளாக்கர் இடம் போன வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு, "புள்ள நம்ம தோட்டத்துக்கே பெருமை" என்றார். நான் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டவில்லை, ஆம் என்றும் ஆட்டவில்லை, நடுவில் ஆட்டினேன். பார்த்தவர்கள் ஆம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜெயலெட்சுமி என்ன செய்தாள் என்கிறீர்களா? பெனரைப் பார்த்துவிட்டு வந்து, "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பொய் என்று ஏசவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் பின்னால் போகவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இருக்கவில்லை.

இதுவரைக்கும் நடந்தது வெறும் மானக்கேடு. தாங்கிக்கொள்ளலாம். இனி எழுதப்போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று பின்னேரம், மலைச்சரிவை ஒட்டிய வரிசை வீடுகளான மேல் லயத்தில் இருக்கும் பெரியாயி வந்தாள். கொழுந்து எடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். மடியில் ஏழெட்டுப் பேரிக்காய். "ஐயா, பாப்பா வக்கீலுக்கு எடுபட்டுருச்சாம்ல. எனக்குப் படிக்கத் தெரியாது, கோட்டப் பார்த்தே கண்டுக்கிட்டேன்" என்றாள். பிறகு சொன்னாள். மேல் லயத்தின் பின்சுவர் வெடித்திருக்கிறதாம். கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பாம். ஆபீசில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சமாம். வேறு இடத்தில் வீடு தருவதாகச் சொல்லி எத்தனை வருடமோ ஆகிவிட்டதாம். "மத்தவங்க சொன்னா யாரு கேக்குறா? நம்ம பாப்பா கேஸ் போட்டா கேப்பாங்கல்ல?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா, அது காற்று அவிழ்த்த பெனர், முடிவு இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். நடுவில் ஆட்டிய தலையை இந்த முறை முழுதாக ஆட்டினேன். "வருவா, பாப்பா வருவா" என்று வாயாலும் சொன்னேன். பேரிக்காயையும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பேரிக்காயை நான் தின்னவில்லை, மச்சான். தின்ன முடியவில்லை.

போன கிழமை மழை பிடித்தது. கண் திறக்க விடாத மழை. மேல் லயத்துக் குடும்பங்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்து தங்கச் சொல்லி கிராம சேவகர் ஆள் அனுப்பினார். எப்போதும் சொன்னால் போகிற சனம், இந்த முறை அசையவில்லை. பெரியாயிதான் எல்லாருக்கும் முன்னால் நின்றாளாம். "வக்கீல் பாப்பா வந்து பார்க்குற வரைக்கும் எடத்த விடக் கூடாது. நம்ம எழும்பிப் போனா, ஆள் இல்லாத லயம்னு எழுதிப்புடுவாங்க. டீமேக்கர் ஐயாவே சொன்னாரு, பாப்பா வருதுன்னு." வெடித்த சுவருக்குக் கீழே பிள்ளைகுட்டிகளோடு அந்தச் சனம் உட்கார்ந்திருப்பது என் பெனரை நம்பி.

நிஷாந்தினி ஊருக்கு வந்து மலையை அண்ணாந்து பார்த்தாலே மேல் லயத்தில் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று நாம் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். அவள் மண்ணைப் படித்தவள் என்பதற்காக எழும்பிய சனம், அவள் சட்டம் படிக்கப் போகிறாள் என்று நான் போட்ட பொய்க்காக உட்கார்ந்துகொண்டது.

குடையையும் எடுக்காமல் கோயிலுக்கு ஓடினேன். ஜெயலெட்சுமி பின்னாலேயே வந்து, "போகாதீங்க, நில்லுங்க, நான் சொல்றதக் கேளுங்க" என்று கையைப் பிடித்தாள். "நீ ஒரு வார்த்தை பேசாத" என்று உதறிவிட்டேன். மார்கழிப் பஜனைக்கு மைக் கட்டியிருந்தது. நாலு மலைக்கும் கேட்கிற ஸ்பீக்கர். முடிவு வரவில்லை என்று சொன்னால் பெரியாயி முடிவு வரும்வரை காத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் துணிந்து இப்படிச் சொன்னேன்:

"தோட்டத்துச் சனங்களுக்கு வணக்கம். டீமேக்கர் கணபதி பேசுறேன். என் மக சட்டக் கல்லூரிக்கு எடுபடல. பெனர் நான் ஆசைப்பட்டுப் போட்டது. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. வக்கீல் யாரும் வரப்போறதில்ல. மேல் லயத்து ஆளுங்க தயவுசெஞ்சு பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. என்னைய மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டு மைக்கை நிறுத்த மறந்து மூக்கைச் சிந்தினேன். அதுவும் நாலு மலைக்கும் கேட்டதாம். அன்று இருட்டுவதற்குள் மேல் லயத்தில் ஒரு குடும்பம் பாக்கியில்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. என் பெனரை நானே கழற்றிக்கொண்டு வந்தேன். சங்கத்தின் பெனரைக் கழற்ற எனக்கு அதிகாரமில்லையாம். அது இன்னும் தொங்குகிறது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. மறுநாள் காலையில் சுள்ளென்று வெயில் அடித்தது. மூன்று நாளாக ஒரு துளி இல்லை. சனமெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு மேல் லயத்துக்கே திரும்பிவிட்டார்கள். "டீமேக்கர் ஐயா சொன்ன ரெண்டும் பொய், எடுபட்டதும் பொய், ஆபத்தும் பொய்" என்று பேசுகிறார்களாம். இனி உண்மையாகவே ஆபத்து வந்து நான் கூப்பிட்டாலும் யாரும் வரப்போவதில்லை. பால் வாங்கக்கூட நான் சந்திக்குப் போவதில்லை. பால் போடாத தேத்தண்ணிதான் குடிக்கிறோம். ஜெயலெட்சுமி மட்டும், "ரெண்டு நாள் பொறுங்க, புள்ள வரட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பிள்ளை வரப்போகிறாள் என்பதுதானே என் பயமே. மைக்கில் நான் பேசியதை யாராவது அவளுக்கு அனுப்பியிருப்பார்கள். எடுபட்டாளோ இல்லையோ என்று அவளே நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பெற்ற தகப்பன் சந்தியில் எடுபட்டாள் என்றும் கோயிலில் எடுபடவில்லை என்றும் அறிவித்துவிட்டேன். எந்த முகத்தோடு அவளுக்குக் கதவைத் திறப்பேன்?

அதனால்தான் கேட்கிறேன், மச்சான். உண்மையான வீதத்தை எழுதுங்கள். பாதிக்கு மேல் என்றால் பெரியாயியிடம் போய், கொஞ்சம் பொறு, இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லலாம். பாதிக்குக் கீழே என்றால் அவள் வேறு ஆளைத் தேடட்டும். என் மகளுக்கு நான் செய்த பாவத்தைப் பெரியாயி சுமக்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் எடுத்தபோதே கேட்டிருப்பேன். நீங்கள் "அங்க மழையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, எதற்கோ சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். நானும் வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கதிர்காமத்தான் உங்கள் குடும்பத்தை என்றும் காக்கட்டும். அவனுக்கு நேரம் மிஞ்சினால் என்னையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியதைத் தவிர வேறு நல்ல காரியம் செய்திராத
கணபதி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டபோது நிஷாந்தினி வந்துவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, "அப்பா, மைக்ல பேசினதக் கேட்டேன். நான் எடுபட்டுட்டேன்பா. முடிவு வந்து மூணு கிழமை" என்றாள்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாளுக்கு முன்பென்றால், நான் பவாஸின் கடைக்குப் போவதற்கும் முன்பு. ஆக, பெனர் உண்மை. மைக்கில் சொன்ன மன்னிப்புத்தான் பொய். நான் போட்ட கணக்கெல்லாம் விடை வந்த பிறகு போட்ட கணக்கு. யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். "அம்மாவுக்குச் சொன்னேன். அதுக்கு முந்தி மாமாவுக்குச் சொன்னேன்" என்றாள். தாய்மாமனுக்கு முதலில் சொல்வதுதான் முறை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நூற்றுக்கு எவ்வளவு என்று நான் மேலே இத்தனை பக்கம் கேட்டிருப்பது, விடை தெரிந்தும் மழையைப் பற்றி விசாரித்த உங்களிடம்!

ஜெயலெட்சுமியிடம் ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று கேட்டேன். "தடுத்தேனே, நீங்க எங்க கேட்டீங்க? பொறகு மேல் லயத்து ஆளுங்க எழும்பிப் போறதப் பார்த்தேன். சரி, இதுக்காவது ஆகட்டும்னு வாய மூடிக்கிட்டேன்" என்றாள்.

"எனக்கு ஏன்மா சொல்லல?" என்று மகளிடம் கேட்டேன்.

"சொன்னா பெனர் போடுவீங்கன்னு பயந்தேன்பா."

"சொல்லாமலே போட்டுட்டேனே."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு நல்ல செய்திய முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு எனக்கும் ஆசை இருக்காதாப்பா?" என்றாள். மச்சான், நாலு மலைக்கும் கேட்க நான் மூக்கைச் சிந்தியபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் மேல் லயத்துக்குக் கிளம்பினாள். "நீங்க ஒண்ணும் பேசாம வாங்க" என்றாள், பேசாமல் போனேன். வெடிப்பைத் தொட்டுப் பார்த்தாள், மேலே ஏறி மழைத்தண்ணீர் ஓடும் கானைப் பார்த்தாள், இறங்கி வந்து பெரியாயியிடம், "அக்கா, நான் வக்கீலாக இன்னும் வருஷக்கணக்கு இருக்கு. மண்ணப் பார்க்க இப்பவே தெரியும். வெயில நம்பாதீங்க, பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. நீங்க இங்க இருந்தீங்கன்னு நான் எழுதித் தாறேன், எடம் போகாது" என்றாள். பெரியாயி என் பக்கம் திரும்பி, "ஐயா, இது மெய்தானே?" என்று கேட்டாள். நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையசைத்த பிறகுதான் நான் அசைத்தேன். அவர்கள் போனார்கள்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். ஜெயலெட்சுமி பிடுங்கிக்கொண்டு, அண்ணன் படிக்கட்டும் என்றாள். ஆகவே வருகிறது. வீதம் எழுத வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். பிள்ளை இனிமேலும் பெரிய விஷயங்களை உங்களிடம்தான் முதலில் சொல்வாள். அதையெல்லாம் எனக்குச் சொல்லாதீர்கள், நான் இன்னும் அதற்குத் தேறவில்லை. கொழும்பில் தடிமன் பிடித்தது, செருப்பு அறுந்தது, கறிக்கு உப்புக் கூடியது என்று சின்னதாக ஏதாவது சொன்னால் அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்து பழகிக்கொள்கிறேன்.